28 நாள் காசை ஏஜென்சி போட்டுத் தருமாம்: இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு இது சரிவருமா?

கடற்கரைத்தெரு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசித்து விஷயம் தெரிந்தவர்கள் பதில் போடுங்கள்.

நான் கொழும்பு, வெள்ளவத்தை. டிகிரி முடித்து வேலை செய்துகொண்டிருக்கிறேன். இப்போது இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே, ஒரு வருட மாஸ்டர்ஸ் கிடைத்திருக்கிறது, 2026 செப்டம்பர் இன்டேக். ஃபீஸ் 17,000 பவுண்ஸ், அதில் 5,000 கட்டிவிட்டோம், மிச்சம் 12,000. அதோடு சாப்பாடு, வாடகை என்று ஒன்பது மாதச் செலவுக் காசையும் வங்கியில் காட்ட வேண்டுமாம்.

வீட்டு நிலைமை இது: அப்பாவிடம் 45 இலட்சத்துக்கு ஒரு எப்.டி. (நிலையான வைப்பு), சேமிப்புக் கணக்கில் பத்து இலட்சம். அவருடைய ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இன்னும் எடுக்கவில்லை. அம்மாவின் நகை இருக்கிறது, ஊரில் ஒரு காணி இருக்கிறது. அண்ணா டொரொண்டோவில், 25 இலட்சம் வரை தருகிறேன் என்கிறார். எனக்குப் போன வருடம் எழுத்து (கல்யாணப் பதிவு) முடிந்தது, கணவருடைய கணக்கில் ஒரு 15 இலட்சம் இருக்கிறது.

காலி வீதியில் ஒரு ஏஜென்சிக்குப் போனோம். அவர்கள் சொல்வது, இதையெல்லாம் ஒன்றுசேர்த்து அலைய வேண்டாம், எங்களுடைய ஆள் ஒருவர் உங்கள் அப்பாவின் கணக்கில் 50 இலட்சம் போடுவார், 28 நாள் கிடக்கும், வங்கிக் கடிதம் எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதற்கு வட்டி மட்டும் தந்தால் போதும் என்று. அப்புறம் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார்கள். கணவரைப் பிறகு டிபென்டன்ட் ஆக எடுக்கலாமாம். அங்கே போனபின் எத்தனை மணித்தியாலம் வேண்டுமானாலும் கையில் காசு வாங்கி வேலை செய்யலாமாம், யாரும் பார்ப்பதில்லையாம்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, எனக்கும் பயமாக இருக்கிறது. ஆனால் அங்கே வந்திருந்த இன்னும் இரண்டு குடும்பம் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனதைப் பார்த்தால் நாங்கள்தான் தேவையில்லாமல் யோசிக்கிறோமா என்றும் தோன்றுகிறது. உண்மை நிலைமை என்ன?

லெஸ்டர்வாசி:

தங்கச்சி, உங்கள் அப்பா யோசிப்பது சரி. அந்த ஏஜென்சி சொன்ன மூன்றில் ஒன்றுகூட உங்களுக்கு நல்லதில்லை. நான் இங்கே படித்து இப்போது வேலை செய்கிறேன், வருடா வருடம் புதிதாக வருகிற எங்கள் பிள்ளைகள் இந்த மூன்று இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025 நவம்பர் 11 முதல், லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,171 பவுண்ஸ் வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும், அது 10,539. லண்டன் என்றால் மாதம் 1,529. உங்களுக்கு மிச்ச ஃபீஸ் 12,000, செலவுக் காசு 10,539, மொத்தம் 22,539. ஒரு பவுண்ஸ் 400 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 90 இலட்சம். கட்டிய 5,000 உங்கள் காஸ் கடிதத்தில் (விசாவுக்காக யூனிவர்சிட்டி தரும் சேர்க்கை உறுதி) ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏறாவிட்டால் யூனிவர்சிட்டிக்கு மெயில் போட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

இப்போது நீங்களே கூட்டிப் பாருங்கள். 45, 10, 25, 15. 95 இலட்சம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது! வெளியாள் காசு எதற்கு? தேவைப்படுவது காசு இல்லை, அதைச் சரியான பெயரில் சரியான நேரத்தில் கொண்டுவந்து வைப்பதுதான். அதை ஏஜென்சி உங்களுக்குச் சொல்லாததுதான் எனக்குக் கோபம் வருகிறது.

சட்டம் ஏற்றுக்கொள்வது உங்கள் சொந்தக் கணக்கையும் அப்பா அம்மாவின் கணக்கையும். அண்ணா, மாமா, சித்தப்பா கணக்கு செல்லாது. கணவரும் உங்களோடு விண்ணப்பிக்காமல் கொழும்பில் இருக்கும்போது அவருடைய கணக்கை நம்பிப் போகாதீர்கள். அதனால் அண்ணாவும் கணவரும் தருவதை உண்மையாகவே உங்களுக்குத் தந்துவிட வேண்டும், அதாவது உங்கள் கணக்குக்கோ அப்பாவின் கணக்குக்கோ வங்கி வழியாக அனுப்பிவிட வேண்டும். அந்தக் கடைசிக் காசு வந்து சேர்ந்த நாளில் இருந்து 28 நாள் எண்ணத் தொடங்குங்கள். அந்த 28 நாளில் ஒரு நாள்கூட மொத்தம் 22,539 பவுண்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஸ்டேட்மென்டின் கடைசி நாளுக்கும் நீங்கள் விசாக் காசு கட்டும் நாளுக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் போகவும் கூடாது.

ரூபாயில் வைத்திருப்பதால் விலை மாற்றத்தையும் யோசியுங்கள். 2022இல் இரண்டு மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படி மறுபடி வராது என்றே வைத்துக்கொண்டாலும் ஐந்து இலட்சமாவது மேலதிகமாகக் கிடக்கட்டும்.

மற்றவர் காசை அப்பாவின் காசு என்று காட்டினால் என்ன நடக்கும்? அந்தக் காசு உண்மையிலேயே உங்கள் படிப்புக்கு இருக்கிறதா என்று அதிகாரி சந்தேகப்பட்டாலே மறுக்கலாம். நேர்முகத்துக்குக் கூப்பிட்டு இந்த 50 இலட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நீங்கள் பொய் சொல்ல வேண்டிவரும். ஏமாற்றியதாகத் தீர்மானித்தால் தடை 10 வருடம். வட்டிக்காரர் காசை எடுத்துக்கொண்டு போய்விடுவார், ஏஜென்சி அடுத்த பிள்ளையைப் பிடிக்கும், அந்தப் பத்து வருடம் உங்களுடையது. பிறகு ஆஸ்திரேலியா, கனடா எந்த விண்ணப்பத்திலும் "முன்பு விசா மறுக்கப்பட்டதா" என்ற கேள்வி இருக்கும்.

கணவர் விஷயம்: 2024 ஜனவரி 1 முதல் பாடநெறி மாஸ்டர்ஸ் படிப்பவர்கள் கணவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. பி.எச்டி. மாதிரி ஆராய்ச்சிப் பட்டம், அல்லது அரசாங்கப் புலமைப்பரிசில் என்றால் மட்டும்தான். இது தெரியாமல் ஒரு ஏஜென்சி நடத்த முடியாது, தெரிந்துகொண்டே சொல்கிறார்கள். இதை இரண்டு பேரும் இருந்து கதைத்து முடிவெடுங்கள், ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்திருப்பது சின்ன விஷயம் இல்லை.

வேலை பற்றிப் பிறகு எழுதுகிறேன், இப்போது ஷிஃப்டுக்குப் போக வேண்டும்.

வேகம்77:

இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை. என் மச்சானுக்கு இப்படி ஆள் போட்ட காசில்தான் விசா வந்தது, இப்போது பர்மிங்காமில் நன்றாக இருக்கிறார். எல்லோரும் செய்வதைத்தான் ஏஜென்சியும் சொல்கிறது. 28 நாள் கிடந்தால் சரி, யார் காசு என்று யார் தோண்டப் போகிறார்கள்?

கவுண்டர்மூன்று:

நான் கொழும்பில் வங்கியில் வேலை செய்கிறேன், இந்த வங்கிக் கடிதங்களை அச்சடித்துக் கையெழுத்துக்கு வைப்பது என் மேசைதான், அதனால் இதைச் சொல்ல வேண்டும்.

வேகம், உங்கள் மச்சானுக்கு வந்தது சந்தோஷம். ஆனால் வராதவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை. கடிதத்தைச் சரிபார்க்க எங்களுக்கு விசாரணை வருவது உண்மை. அப்போது கணக்கில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வங்கி சொல்லும். காசு போன வாரமே வெளியேறியிருந்தால் அதுவும் அங்கேயே தெரியும். மாதச் சம்பளம் மட்டும் வந்துகொண்டிருந்த ஒரு கணக்கில் திடீரென்று ஒரே நாளில் 50 இலட்சம் விழுந்து, 29ஆவது நாள் அப்படியே போயிருப்பதைப் பார்க்க எந்தத் தோண்டலும் வேண்டாம், ஸ்டேட்மென்டின் ஒரு பக்கம் போதும்.

அதைவிட, ரொக்கமாகப் போட்டால் அது வேறு கதை. 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின்படி 10 இலட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கத்தை நாங்கள் மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கிறோம். நாளைக்கு அந்தக் காசு யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் உங்கள் அப்பா, அந்த ஆள் இல்லை. ஓய்வு பெறும் வயதில் இருக்கும் ஒரு மனிதரை இந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

கடற்கரைத்தெரு தங்கச்சி, உங்களுக்கு வேண்டியது இவைதான்.

எப்.டி.யை உடைக்க வேண்டும் என்று இல்லை. எப்போது வேண்டுமானாலும் உடனே எடுக்கலாம், பிணையாக வைக்கப்படவில்லை என்று வங்கிக் கடிதத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அதன்மேல் ஏற்கெனவே கடன் எடுத்திருந்தால் அந்தளவு கழிந்துவிடும். ஈ.பி.எப். கணக்கில் சேராது, நினைத்த நேரத்தில் எடுக்க முடியாத காசு. நகையும் காணி உறுதியும் காட்டிப் பயன் இல்லை, விற்றோ அடகு வைத்தோ காசாக்கிக் கணக்கில் போட்டால்தான் எண்ணப்படும், அப்படிச் செய்தால் அந்தப் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். ஊர்க் காணியை அவசரத்தில் விற்க வேண்டாம், உங்களுக்கு அது தேவையும் இல்லை.

அண்ணா கனடாவில் இருந்து அனுப்பும்போது நேரே வங்கிக்கு அனுப்பச் சொல்லுங்கள். உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் அனுப்புவது) வந்தால் அது வெறும் ரொக்கம், எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இராது. அனுப்பிய விவரம், "தங்கையின் படிப்புக்குத் தருகிறேன், திருப்பி எதிர்பார்க்கவில்லை" என்று அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம், இரண்டையும் வைத்திருங்கள். கட்டாயம் கேட்பார்கள் என்று இல்லை, கேட்டால் கையில் இருக்கும்.

ஆகன்_மழை:

நான் ஜெர்மனியில் ஆகனில் படிக்கிறேன், கொழும்பில் இருந்துதான் வந்தேன். கேட்ட கேள்வி இங்கிலாந்து பற்றியது, தெரியும். ஆனால் 90 இலட்சம் திரட்டும் வீட்டில் இதையும் ஒருமுறை யோசிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசு யூனிவர்சிட்டிகளில் ஃபீஸ் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சிறிய தொகைதான். பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் வெளிநாட்டவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது எங்களிடம் ஃபீஸ் எடுக்கிறது. காசு காட்டுவதற்கு முடக்கிய கணக்கு ஒன்று திறக்க வேண்டும், வருடத்துக்கு 11,904 யூரோ. அதை உங்கள் பெயரில்தான் போடுவீர்கள், வந்தபின் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பி வரும். அதனால் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் விளையாட்டுக்கு இங்கே இடமே இல்லை, அந்தக் காசில்தான் நீங்கள் வாடகை கட்டிச் சாப்பிடப் போகிறீர்கள்.

வேலை வருடத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள். யூனிவர்சிட்டிக்குள்ளேயே உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் சேராது. படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள்.

கஷ்டம் வேறு இடத்தில். வீடு கிடைத்து இரண்டு வாரத்துக்குள் நகரசபையில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு படிவம் வேண்டும், அந்தப் படிவம் தராத வீட்டுக்காரரிடம் அறை எடுத்தால் எல்லாம் தடைப்படும். பிறகு வந்த விசா முடிய முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் நகரங்களும் இருக்கின்றன. திகதி முடிய முன் விண்ணப்பித்துவிட்டால் தீர்ப்பு வரும்வரை சட்டப்படி இருக்கலாம், அதற்கு ஒரு தற்காலிகக் கடதாசி தருவார்கள். ஒரு நாள் பிந்தினாலும் கதை வேறு. கொள்ளுப்பிட்டியில் தூதரகத்தில் நேரம் எடுப்பதற்கும் முன்கூட்டியே இறங்க வேண்டும்.

5,000 பவுண்ஸ் கட்டிவிட்டீர்கள் என்பதால் மாறச் சொல்லவில்லை. உங்களுக்குப் பின்னால் இதை வாசிக்கும் தம்பி தங்கைகளுக்காக.

கடற்கரைத்தெரு:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்த ஏஜென்சிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அண்ணாவிடமும் கதைத்தாயிற்று, அவர் வங்கி வழியாகவே அனுப்புகிறார். கணவருக்குத்தான் கவலை, ஆனால் படித்து முடித்துவிட்டு வா, பிறகு பார்ப்போம் என்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, போனபின் வேலை விதிகள், லெஸ்டர் அண்ணா எழுதுகிறேன் என்றார். இரண்டு, என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது, வங்கிக் கணக்கில் முதலெழுத்துகளோடு இருக்கிறது, எழுத்துக்கூட்டலும் ஒரு இடத்தில் வேறு. இது பிரச்சினையா?

லெஸ்டர்வாசி:

நல்ல முடிவு. வேலை பற்றிச் சொல்கிறேன்.

பாடநெறி நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம், திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டும் சேர்த்துத்தான் 20. போன கிழமை 10 செய்தேன், இந்தக் கிழமை 30 செய்கிறேன் என்று சராசரி எடுக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் அதிகம் விழும் பள்ளம் கோடைகாலம்தான். ஜூனில் வகுப்பு முடிந்ததும் விடுமுறை என்று நினைத்து முழுநேரம் இறங்குகிறார்கள், ஆனால் மாஸ்டர்ஸ் மாணவருக்கு அது ஆய்வறிக்கை எழுதும் காலம், விடுமுறையாக எண்ணப்படாது, அப்போதும் 20தான். யூனிவர்சிட்டியிடம் உங்கள் பாடநெறியின் திகதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வேலை தருபவரும் அதைக் கேட்பார்.

சுயதொழில் அறவே கூடாது. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் வேலையும் அதற்குள்தான் வரும். நண்பரின் கணக்கில் ஓடுவது இன்னும் மோசம். கையில் காசு வாங்கும் வேலையில் மணித்தியாலத்துக்குச் சட்டப்படி உள்ள சம்பளத்தைவிடக் குறைத்துத்தான் தருவார்கள், தராவிட்டாலும் போய் முறையிட முடியாத நிலையில் நீங்கள் இருப்பீர்கள். அது தெரிந்துதான் அவர்கள் மாணவரைத் தேடுகிறார்கள்.

வகுப்புக்கு ஒழுங்காகப் போங்கள். பதியாமல் விட்டால், தொடர்ந்து வராவிட்டால் யூனிவர்சிட்டி உள்துறைக்கு அறிவித்தே ஆக வேண்டும், பிறகு விசாவைச் சுருக்கிவிடுவார்கள், வழக்கமாக 60 நாள் தருவார்கள். பாடநெறியை நடுவில் விட்டு வேலை விசாவுக்கு மாறும் வழியை 2023 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

செலவுகளையும் சொல்லிவிடுகிறேன், இவற்றை அந்த 28 நாள் காசுக்கு வெளியே வையுங்கள். விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்ஸ் ஆனது, ஏப்ரலில்தான் பெரும்பாலும் ஏறும், கட்டும் நாளில் அரசாங்கத் தளத்தில் பாருங்கள். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776, பன்னிரண்டு மாதப் பாடநெறி என்றால் விசா அதைவிட நீளம் என்பதால் 1,164 வரும். ரி.பி. (காசநோய்) சோதனை கட்டாயம், கொழும்பில் ஐ.ஓ.எம். (புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு) நிலையத்தில் செய்கிறார்கள், சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.

பிளாஸ்டிக் வதிவிட அட்டையை எதிர்பார்க்காதீர்கள், 2024 முடிவோடு அது போய்விட்டது. இப்போது எல்லாம் இ-விசா. விமானம் ஏற முன் இணையத்தில் இ-விசாக் கணக்கைத் திறந்து கடவுச்சீட்டை இணைத்து, உள்ளே போய் உங்கள் பெயரும் திகதிகளும் வேலை அனுமதி வரியும் சரியா என்று பாருங்கள். வாடகைக்கும் வேலைக்கும் அதில் இருந்துதான் ஒரு குறியீடு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

படித்து முடித்தபின் அங்கே தங்கி வேலை செய்ய இருக்கும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான், முன்பு இரண்டு வருடம். நீங்கள் 2027 கடைசியில் முடிப்பீர்கள், அதனால் 18ஐ வைத்தே திட்டம் போடுங்கள். இரண்டு வருடம் என்று இன்னும் விளம்பரம் போடுகிறார்கள்.

கவுண்டர்மூன்று:

பெயர் விஷயம் நம் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறது, அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் அப்படியே விடவும் வேண்டாம். அப்பாவின் அடையாள அட்டை இலக்கமும் முழுப் பெயரும், கணக்கில் உள்ள சுருக்கப் பெயரும் ஒரே ஆளுடையவை என்று கடிதத்திலேயே எழுதித் தரும்படி கிளையில் கேளுங்கள். முகாமையாளரிடம் நேரே போய் எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். எழுத்துக்கூட்டல் வேறு என்றால் அப்பாவின் கடவுச்சீட்டில் உள்ளபடி வங்கிப் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள், அதை 28 நாள் தொடங்க முன்பே செய்யுங்கள்.

பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுக்கும்போது, மூலத்தில் உள்ள பெயரை அவர் தன் விருப்பத்துக்கு எழுத்துக்கூட்ட விடாதீர்கள், கடவுச்சீட்டுப் பிரதிகளைக் கையில் கொடுத்து அதன்படி எழுதச் சொல்லுங்கள். அப்பாவும் அம்மாவும் உறவையும் சம்மதத்தையும் சொல்லிக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும், அதிலும் அதே எழுத்துக்கூட்டல். எப்.டி. எந்தக் கிளையிலோ அந்தக் கிளைக்கே போங்கள். போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், கணக்கு அவருடையது, உங்களிடம் கடிதம் தர மாட்டோம்.